தோள் கடுக்குது, மிஸி

போன மாதம் என் தம்பி மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். தியேட்டரிலிருந்து வெளியே கொண்டுவந்த இரண்டு மணி நேரத்தில் அவள் தலையணையில் சாய்ந்துகொண்டு, வீட்டில் கோழிகளுக்குத் தீனி வைத்தார்களா என்று விசாரித்தாள். வலி இல்லையாம். வயிற்றின் இரண்டு பக்கமும் ஊசி போட்டார்களாம். வாட்டிலிருந்த இளம் தாதி எனக்கு விளக்கினாள். சின்னத் திரையொன்றில் சதையையும் நரம்பையும் பார்த்துக்கொண்டே மருந்தைச் செலுத்துகிறார்கள், வயிற்றுச் சுவர் அப்படியே மரத்துப்போகிறது என்றாள். பிறகு கேட்டாள்:

"நீங்களும் நர்ஸா இருந்தவங்கன்னு சொன்னாங்க. ஒங்க காலத்துல வயித்த வெட்டுன பொம்பளைங்க எல்லாம் எப்படிங்க தாங்குனாங்க?"

"எங்க காலத்துலயும் இந்த ஊசி இருந்துச்சு" என்றேன். "அந்தத் திரைதான் இல்ல."

அவள் மரியாதைக்குத் தலையாட்டினாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. தம்பி, "எழுதி வைங்கக்கா, இல்லன்னா யாருக்குத் தெரியப்போகுது" என்றான். எழுதுகிறேன்.

நான் இலங்கை மலைநாட்டில், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். அப்பா தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் வேதம் வாசிப்பவர். லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளைகளில் தாதிப் பயிற்சிக்குப் போனவர்கள் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மூன்று வருடப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுக்கை விரிக்கவும், கருவிகளை அவிக்கவும், சிங்களத்தில் சிந்திக்கவும் கற்றுக்கொண்டேன். பிறகு மலைநாட்டு அரசாங்க ஆஸ்பத்திரியொன்றில் வேலை. ஐந்தாறு வருடம் பெண்கள் வாட்டில், அதன்பின் தியேட்டரில்.

பெண்கள் வாட்டில் இருந்த காலத்தில் எனக்குப் பிடிக்காத நேரம் பிற்பகல். காலையில் வயிற்றை வெட்டியவர்களுக்கு மயக்கம் முழுதாகத் தெளிவது அப்போதுதான். வலி போக்கும் பெத்திடீன் ஊசி இரட்டைப் பூட்டுப் போட்ட அலுமாரியில் இருக்கும். சாவி சிஸ்டரிடம் இருக்கும். எழுபதுகளின் நடுவில் அந்த அலுமாரி பாதி நாள் வெறுமையாகவே கிடந்தது. இருக்கும் நாட்களிலும் ஒருவருக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்குப் பிறகு மாத்திரைதான்.

சிங்களத் தாதிமார் கட்டில் கட்டிலாகப் போய் "ரிதெனவாத?" என்று கேட்பார்கள். வலிக்கிறதா என்று அர்த்தம். தோட்டத்திலிருந்து வந்த பெண்களில் பாதிப் பேருக்கு அந்தச் சொல் புரியாது. கேட்பவர் அரசாங்கத்து ஆள், வெள்ளை உடுப்புப் போட்டவர். அதனால் மரியாதையாகத் தலையை ஆட்டுவார்கள். இல்லை என்கிறாள் என்று தாதிமார் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். நான் போய்ப் பார்த்தால், கம்பளி நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பாள். இதில் யாரைக் குற்றம் சொல்வது? இரண்டு வாட்டுக்கு மூன்று பேர் ஓடிக்கொண்டிருந்தோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பெரிய டொக்டர் கனகசபை "நோகுதோ பிள்ளை?" என்று கேட்பார். அவர் பெண்நோய் அறுவைச் சிகிச்சை நிபுணர். கை நிதானமான கை. ஆனால் வலி விஷயத்தில் அவருக்கு ஒரே பேச்சுத்தான்: "வெட்டினால் நோகும். ரெண்டு நாளில மாறிப்போகும்."

மயக்க மருந்து டொக்டராக ஜயவீர வந்து சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். தெற்கே கடற்கரை ஊரில் பிறந்தவர். எங்கள் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. தியேட்டர் அங்கிக்குள்ளும் பழுப்பு நிற ஸ்வெட்டர் போட்டிருப்பார். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவராக இருக்கலாம். மருந்துக் குப்பியை உடைப்பதற்கு முன் சற்று நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருப்பார். குளிர்ந்த மருந்து உள்ளே போனால் எரியும் என்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். அவர் காதோடு பேசுகிறார் என்றால், எங்கேயோ பிழை விட்டிருக்கிறோம் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

அந்தக் காலத்து ஊசிகள் ஒரு முறை குத்திவிட்டு எறிகிறவை அல்ல. கழுவி, அவித்து, மறுபடியும் பாவிப்பவை. அவற்றின் முனையை எண்ணெய்க் கல்லில் தீட்டி வைப்பது என் பொறுப்பு. தீட்டியதும் ஒவ்வொன்றையும் பஞ்சுக்குள் விட்டு இழுத்துப் பார்ப்பேன். ஒரு இழை மாட்டிக்கொண்டு வந்தாலும் முனை மடிந்திருக்கிறது என்று அர்த்தம். அது மறுபடியும் கல்லுக்குப் போகும். என் ஊசிகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஜயவீர வந்த முதல் வாரம், நான் நீட்டிய ஊசியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "அருமையாகத் தீட்டியிருக்கிறீர்கள்" என்றார் சிங்களத்தில். சொல்லிவிட்டு, அதன் முனையை உலோகத் தட்டின் விளிம்பில் இரண்டு தரம் தேய்த்து மழுங்கடித்தார். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

"கோபித்துக்கொள்ளாதீர்கள், நர்ஸ். கூரான ஊசி எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் கிழித்துக்கொண்டு போய்விடும். எங்கே போகிறது என்று என் விரலுக்குச் சொல்லாது. மொட்டை ஊசி ஒவ்வொரு படையிலும் நின்று, கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகும்."

பிறகு அவரே பஞ்சு கேட்டு வாங்கி, அதில் ஊசியை இழுத்துப் பார்த்தார். இழை மாட்டவில்லை. அதைக் கண்டதும்தான் என் கோபம் அடங்கியது.

அறுவை முடிந்து தோலைத் தைத்த பிறகு, கட்டுப் போடுவதற்கு முன், அவர் தலைமாட்டிலிருந்து பக்கவாட்டுக்கு வருவார். இடுப்பெலும்பு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தை இடது கைப் பெருவிரலால் தேடுவார். தோட்டத்துப் பெண்களிடம் அதைத் தேடவே வேண்டாம். எல்லோருக்கும் எலும்பு வெளியே தெரியும். அங்கிருந்து தொப்புள் பக்கமாக இரண்டு விரற்கடை. அங்கே மொட்டை ஊசியை நிமிர்த்தி வைத்து மெதுவாக அழுத்துவார். முதலில் ஒரு தடை, பிறகு 'டப்' என்று விடும். இன்னும் கொஞ்சம் போனால் இரண்டாவது 'டப்'. காதுக்குக் கேட்காது, விரலுக்கு மட்டும் தெரியும். சிரிஞ்சின் பின்பக்கத்தை நான் இழுத்துப் பார்ப்பேன். ரத்தம் வரவில்லையென்றால் மருந்தை மிக மெதுவாகச் செலுத்துவார். பிறகு மற்றப் பக்கம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் பிடிக்கும். பெரிய டொக்டர் கையுறையைக் கழற்றியபடி கடிகாரத்தைப் பார்ப்பார்.

புடவை கட்டும் இடத்தில் குறுக்காக வெட்டியவர்களுக்கு அந்த ஊசி ஆறேழு மணி நேரம் தாங்கியது. சிலருக்கு அடுத்த நாள் காலைவரைக்கும்கூட. அவர்களுக்கு ஒரு பெத்திடீன் போதும். மிச்சமாகும் இரண்டாவது இன்னொரு பெண்ணுக்குக் கிடைக்கும்.

வலி எப்போது திரும்புகிறது என்று எழுதிவைக்கும் வேலையை ஜயவீர என்னிடம் தந்தார். "உங்களிடம்தான் அவர்கள் உண்மையைச் சொல்வார்கள்" என்றார். தியேட்டர் வேலை முடிந்ததும் நான் எழுதுவதற்கு ஒரு கொப்பியோடு வாட்டுக்குப் போவேன். குத்துவது, இழுப்பது, எரிவது, கடுப்பது என்று பெண்கள் வலியை வகை வகையாகப் பிரித்துச் சொல்வார்கள். அந்தச் சொற்களை ஜயவீர தனிக் கொப்பியொன்றில் சிங்கள எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தார். "குத்து... துதா?" என்று அவர் கேட்கும்போது வாட்டே சிரிக்கும்.

எல்லாம் சிரிப்பாகவும் இருக்கவில்லை. சரசு என்றொரு பெண், இருபத்து மூன்று இருபத்து நான்கு வயது, கலியாணமாகி இரண்டு வருடம், சூலகத்தில் கட்டி. தியேட்டர் வாசலில் வைத்து அவளுக்கு இந்த ஊசியைப் பற்றிச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தோட்டத்துப் பெண்களுக்குத் தாதி என்றால் 'மிஸி'தான்.

"இடுப்புல போடுறதா மிஸி? ரெண்டு பக்கமுமா? அது பிள்ள நிப்பாட்டுற ஊசிதானே?"

"இல்ல சரசு. வலி தெரியாம இருக்கத்தான்."

"எங்க தோட்டத்துல அப்படித்தான் சொன்னாங்க. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு கூட்டிட்டுப் போயி நிப்பாட்டிட்டாங்க. எனக்கு இன்னும் ஒண்ணுகூடப் பொறக்கல மிஸி."

அவள் பயம் வெறும் பயமல்ல. அந்தக் காலத்தில் தோட்டங்களில் பெண்களுக்குச் சொல்லாமலே கருத்தடை செய்தது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். ஜயவீரவிடம் சொன்னேன். மயங்கிக் கிடக்கும்போதுதானே போடப்போகிறோம், அவளுக்குத் தெரியவா போகிறது என்று வேறொருவர் சொல்லியிருப்பார். அவர் காதோடு பேசினார்: "அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் நேரமெடுத்துச் சொல்லிப் பாருங்கள். பெரிய டொக்டரை நான் நிறுத்தி வைக்கிறேன்."

நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கடதாசியில் வயிற்றை வரைந்தேன். கர்ப்பப்பை எங்கே இருக்கிறது, ஊசி எங்கே நிற்கிறது என்று காட்டினேன். சுவருக்கு வெள்ளை அடித்தால் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது இல்லையா என்றேன். அவள் படத்தை நெடுநேரம் பார்த்தாள். "நீங்க பக்கத்துல நிப்பீங்களா?" என்று கேட்டாள். நின்றேன். இரண்டு வருடம் கழித்து, ராகலை பஸ்ஸிலிருந்து ஒரு கைக்குழந்தையோடு இறங்கி, என்னைத் தேடித் தியேட்டர் வாசல்வரை வந்தாள். குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

இனி, பழனியாயியின் கதை.

பழனியாயி ராகலைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். நாலு பிள்ளைகள். கர்ப்பப்பையில் கட்டிகள் வளர்ந்து ஒரு வருடமாக உதிரப்போக்கு. தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கிக்கொண்டே மலையேறியிருக்கிறாள். ஒருநாள் மலையிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் எங்களிடம் வந்தாள். ஒரு போத்தல் ரத்தம் ஏற்றி, ஒரு வாரம் வைத்திருந்து, கர்ப்பப்பையை எடுத்தார்கள்.

அறுவை எந்தச் சிக்கலும் இல்லாமல் பதினொரு மணிக்கு முடிந்தது. ஜயவீர இரண்டு பக்கமும் ஊசி போட்டார். பன்னிரண்டரைக்கு நான் கொப்பியோடு போனபோது அவள் முழித்திருந்தாள்.

"என்னங்க மிஸி, வெட்டுனாங்களா, இல்ல சும்மா கட்டுப்போட்டு அனுப்பிட்டாங்களா?"

"வெட்டியாச்சு அக்கா. எல்லாம் முடிஞ்சுது."

"பொய் சொல்லாதீங்க. ஒண்ணுமே தெரியலயே!"

அவள் புருஷன் வேலு வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். அவனைப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரித்தாள். நான் கொப்பியில் 'வலி இல்லை. நன்றாக இருக்கிறார்' என்று எழுதினேன். எனக்கும் மனம் நிறைந்திருந்தது.

இரண்டரை மணிக்கு மறுபடி போனேன். வயிறு வலிக்கவில்லை என்றாள். "இந்த வலது பக்கத்துத் தோள்தான் கடுக்குது மிஸி" என்றாள்.

பக்கத்துக் கட்டில்காரி, "கொழுந்துக் கூடை தூக்குன தோளு, சும்மா கெடந்தா கடுக்கத்தான் செய்யும்" என்றாள். மூவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் தைலம் எடுத்துத் தேய்த்துவிட்டேன். நாடி கொஞ்சம் வேகமாக இருந்தது. ஏற்கெனவே ரத்தம் குறைந்தவள்தானே என்று நினைத்துக்கொண்டு, 'வலி இல்லை' என்று இரண்டாவது முறையும் எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

கோப்பையைக் கையில் எடுத்த பிறகு ஏதோ உறுத்தியது. கூடைக் கயிறு தொங்குவது தலையிலிருந்து. என் அத்தை, சித்தி எல்லோருக்கும் அது கழுத்தைத்தான் பிடித்தது, பிடரியைத்தான் பிடித்தது. இவள் தொட்டுக் காட்டியது தோளின் உச்சியை. தைலம் தேய்க்கும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை: "நீட்டிப் படுத்தாத்தான் மிஸி கடுக்குது."

வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால், அது மேலேறி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள திரையில் போய்த் தேங்கும். அந்தத் திரையின் நரம்பு கழுத்திலிருந்து வருவது. அதனால் வலி தோளில் தெரியும். பயிற்சிக் காலத்தில் பரீட்சைக்காகப் படித்த ஒற்றை வரி அது. வயிற்றுச் சுவரை நாங்கள் மரக்கவைத்திருந்தோம். தோளுக்கு யாரும் ஊசி போடவில்லை.

கோப்பையை வைத்துவிட்டு ஓடினேன். வாட்டில் ஓடக்கூடாது என்பது சட்டம். பழனியாயி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். "தாகமா இருக்கு மிஸி" என்றாள். உதடு வெளுத்திருந்தது. பாதத்தைத் தொட்டேன், பச்சைத் தண்ணீர் மாதிரிச் சில்லிட்டிருந்தது. நாடி நூற்றிருபதைத் தாண்டிவிட்டது. ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருந்தது.

வாட்டில் அப்போது இருந்தவர், பட்டம் பெற்று வந்து சில மாதமேயான சின்ன டொக்டர். ஓடிவந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். "இல்லீங்க" என்றாள் பழனியாயி.

"வயிறு மிருதுவாக இருக்கிறது. அழுத்தினாலும் வலியில்லை. உள்ளே ரத்தம் போனால் இப்படி இருக்காது, நர்ஸ். சேலைனை வேகமாக விடுவோம்" என்றார். அவர் கவனமில்லாதவர் அல்ல. அவருடைய புத்தகம் அப்படித்தான் சொல்லியிருந்தது.

"சேர், இவளுக்கு ஊசி போட்டிருக்கிறது. இந்த வயிறு வலியைச் சொல்லாது. தோள் வலிக்கிறது என்கிறாள்."

அவர் தயங்கினார். பெரிய டொக்டர் கிளினிக்கில் இருந்தார். அங்கிருந்து அவரை எழுப்பிக் கூட்டிவருவது என்றால் எல்லோருக்கும் நடுக்கம். நான் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன். யாரிடமும் கேட்காமல், வாட்டுத் தொலைபேசியில் ஜயவீரவின் குவார்ட்டர்ஸுக்குப் பேசினேன்.

பத்து நிமிடத்துக்குள் தூறலில் நனைந்துகொண்டே வந்துவிட்டார். ஸ்வெட்டர் பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்று மாட்டியிருந்தன. நேரே அவள் தலைமாட்டில் குனிந்து, தமிழில் கேட்டார்:

"தோள்... கடுக்குதா?"

"ஆமாங்க டொக்டரையா. படுத்தாக் கடுக்குது. தலையத் தூக்கிப் புடிச்சாக் கொஞ்சம் தேவல."

பிற்பாதியை நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் நிமிர்ந்து சின்ன டொக்டரிடம், காதோடு, "போய் அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இப்போதே" என்றார்.

கனகசபை வந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வயிற்றின் ஓரத்தில் ஊசியொன்றைச் செலுத்தி சிரிஞ்சை இழுத்தார். கடும் சிவப்பாக ரத்தம் ஏறியது. ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தியேட்டரை ஆயத்தம் செய், பிள்ளை" என்றார்.

வேலு வராந்தாவில் நின்றான். சம்மதக் கடதாசியில் பெருவிரலை வைத்தான்.

"மிஸி, இப்ப சிரிச்சுக்கிட்டுத்தானே இருந்தா?"

"ஆமாண்ணே. உள்ள ஏதோ ஒரு ரத்தக்குழாக் கட்டு அவுந்திருக்கும். தெறந்து கட்டப்போறாங்க."

"என் ரத்தத்த எடுங்க. எவ்வளவு வேணும்னாலும் எடுங்க."

அவனை ரத்தம் எடுக்கும் அறைக்கு அனுப்பிவிட்டு உள்ளே போனேன். கை கழுவும்போது, குழாய்த் தண்ணீரின் சத்தத்துக்குள் மாதாவைக் கூப்பிட்டேன். இந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் இரண்டரை மணிக்கு நான் எழுதியதுதான் காரணம் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. வலி இல்லை, வலி இல்லை என்று என் கையாலேயே இரண்டு தரம் எழுதியிருக்கிறேன்.

காலையில் போட்ட தையலைப் பிரித்தபோது ரத்தம் ததும்பி வெளியே வந்தது. கனகசபை உறிஞ்சச் சொன்னார், துடைத்தார், தேடினார். ஜயவீர தலைமாட்டில் ஒரு விரலை அவள் பொட்டு நாடியில் வைத்தபடி ரத்தப் போத்தலை அழுத்திக்கொண்டிருந்தார். அவர் நாடித் துடிப்பின் எண்ணிக்கையைச் சொல்லும் குரல் தாழ்ந்துகொண்டே போனது. எனக்கு அதுதான் பயம். கனகசபையின் கை ஒரு இடத்தில் நின்றது.

"கிளாம்ப்."

கொடுத்தேன். ரத்தம் ஊறுவது நின்றது. காலையில் கட்டிய நூல் ஒன்று, ரத்தக்குழாயிலிருந்து நழுவியிருந்தது. அதை அவர் இரண்டு தரம் கட்டினார். மூன்றாவது தரமும் கட்டினார். பிறகு ஜயவீர சொன்ன எண்ணிக்கை, முந்தியதைவிடக் குறைவாக இருந்தது. அடுத்தது இன்னும் குறைவு. குரல் மெல்ல மெல்ல ஏறியது. ஒரு மனிதர் சாதாரணமாகப் பேசுவதைக் கேட்டு எனக்குக் கண் நிறைந்தது அன்றைக்குத்தான்.

தோலைத் தைத்து முடித்ததும் நான் கட்டுத் துணியை எடுத்தேன். கனகசபை கையை உயர்த்தி நிறுத்தினார். ஜயவீரவைப் பார்த்து ஆங்கிலத்தில், "உமது ஊசி?" என்றார்.

ஜயவீர தயங்கினார். "இவளை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்ததே என் ஊசி என்று நீங்கள் நினைக்கவில்லையா?"

"நழுவினது நான் கட்டின நூல்" என்றார் கனகசபை. பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "ஒரே நாளில ரெண்டுதரம் வெட்டிப்போட்டன், பிள்ளை. நோவையும் சேத்துக் குடுக்கோணுமே?"

ஜயவீர அவள் நிறையையும், காலையில் கொடுத்த அளவையும், கடந்த நேரத்தையும் ஒரு கடதாசியில் கணக்குப் பார்த்தார். பாதி அளவு மருந்தை எடுத்து, குப்பியை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தார். பிறகு இடுப்பெலும்பைத் தேடினார். ரத்தம் வருகிறதா என்று சிரிஞ்சை நான் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

அடுத்த நாள் காலை நான் இருவரிடமும் போய் ஒப்புக்கொண்டேன். இரண்டரைக்கே அவள் தோளைப் பற்றிச் சொன்னாள், நான் தைலம் தேய்த்துச் சிரித்துவிட்டுப் போனேன் என்றேன். அந்த 'வலி இல்லை'யை வெட்டிவிடலாமா என்றும் கேட்டேன்.

"வேண்டாம்" என்றார் ஜயவீர. "அந்த நேரத்தில் வயிற்றில் வலி இருக்கவில்லை, அது உண்மை. அதற்குக் கீழே தோளையும் எழுதுங்கள், திரும்பி ஓடிவந்த நேரத்தையும் எழுதுங்கள்."

கனகசபை யோசித்துக்கொண்டே சொன்னார்: "நோவு எண்டுறது ஒரு காவல்காரன். அவனை நாங்கள் நித்திரையாக்கினால், வேறை ஆரும் முழிச்சிருக்கத்தானே வேணும்."

அன்றிலிருந்து ஊசி போட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் ஆறு மணி நேரம் கால்மணிக்கு ஒரு தரம் நாடி பார்க்கவேண்டும் என்று ஆனது. அதற்கென்று ஒரு தாதியைப் பெரிய டொக்டரே சண்டை பிடித்து வாங்கித் தந்தார். 'தோள் கடுக்குதா?' என்ற கேள்வியைச் சிங்கள எழுத்தில் பெரிதாக எழுதி வாட்டு மேசைக்கு மேலே ஒட்டினேன். சிங்களத் தாதிமார் அதைப் பாட்டு மாதிரிச் சொல்லிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவார்கள். பெண்கள் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். வாய்திறந்து பதில் சொன்னார்கள், அது முக்கியம். அதற்குப் பிறகு நான் அங்கே வேலை செய்த காலத்தில், ஊசி போட்ட பெண் எவளையும் நாங்கள் இழக்கவில்லை. ஜயவீர எண்பதுகளின் நடுவில் இடமாற்றமாகிப் போனார். போகும்போது அந்தச் சொற்கொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். கனகசபையும் அதற்குப் பின் வேறிடம் போய்விட்டார்.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது பழனியாயியின் மூன்றாம் நாள். வாய்வழி குடிக்கக் கொடுக்கலாம் என்று அன்றைக்குத்தான் உத்தரவு வந்தது. அட்டெண்டன் பெரிய கேத்தலிலிருந்து ஊற்றிய தேத்தண்ணியை அவள் ஒரு மிடறு குடித்த நேரம், டொக்டர்மார் இருவரும் வந்து கட்டிலருகே நின்றார்கள். வேலு கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எப்பிடி, நோகுதோ?" என்றார் கனகசபை.

பழனியாயி கோப்பையை உற்றுப் பார்த்தாள்.

"வெட்டுன எடம் பரவாயில்லங்க டொக்டரையா. இந்தத் தேத்தண்ணியத்தான் தாங்க முடியல. நாங்க பறிச்சு அனுப்புற கொழுந்தெல்லாம் எங்கதாங்க போகுது?"

"ஏய், சும்மா இரு!" என்று வேலு பதறினான். கனகசபை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதுவரை அவர் பல்லை நாங்கள் பார்த்ததில்லை. ஜயவீர, என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் நுனியால் துடைக்கத் தொடங்கினார். துடைத்து முடியவே இல்லை.

நான் தாதிமார் அறைக்குப் போனேன். அம்மா தோட்டத்திலிருந்து அனுப்பியிருந்த தேயிலைத் தூளை எடுத்து, தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, சாயத்தை இறங்கவிட்டு, மூன்று கரண்டி சீனி போட்டேன். கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட்டு, கடைசி மிடறுவரை பக்கத்திலேயே நின்றேன்.